அம்மா வீட்டு போர்வெல்லில் தண்ணீர் குறைகிறது: புதிதாகப் போட வேண்டுமா, குழாயைப் பார்க்க வேண்டுமா?

செங்காங் வாசுகி
ஞாயிறு, இரவு 10.15

வணக்கம். ஊரில் போர், மோட்டார் சமாச்சாரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள். வியாழக்கிழமைக்குள் நான் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

ஊர் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா மட்டும்தான் அங்கே இருக்கிறார், வயது 67. நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் தாதி, பாதி நாள் இரவு வேலை. வீட்டுக்குத் தண்ணீர் அப்பா 2009இல் போட்ட போரிலிருந்துதான். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க். அம்மா காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால் காய்ச்சி இறக்குவதற்குள் டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுவிடும். நாற்பது நிமிடம், மிஞ்சிப் போனால் நாற்பத்தைந்து. பல வருடமாக இதுதான் கணக்கு. அம்மாவுக்குக் கடிகாரமே தேவைப்பட்டதில்லை.

பொங்கலுக்கு அப்புறம் இந்தக் கணக்கு தப்ப ஆரம்பித்தது. மாசியில் ஒரு மணி நேரம் ஆகிறது என்றார். நான் கரண்ட் குறைவாக வருகிறது போல என்று விட்டுவிட்டேன், அது என் தவறு. இப்போது ஒன்றரை மணி நேரம் தாண்டுகிறது. பாதி நாள் டேங்க் நிரம்புவதற்கு முன்பே மோட்டாரை நிறுத்திவிடுகிறாராம், சூடேறி எரிந்துவிடுமோ என்ற பயத்தில். சமையலறைக் குழாயைத் திறந்தால் முதலில் புஸ்ஸென்று காற்று, அப்புறம் தண்ணீர் துப்பித் துப்பி வருகிறது. வெள்ளை வாளியில் பிடித்து வைத்தால் அடியில் செம்மண் கரைத்தது போல மெல்லிய படிவு.

பக்கத்து ஊரிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். மோட்டாரைப் போட்டு, மாடிக்குப் போய் டேங்கில் விழுகிற தண்ணீரைப் பார்த்தார். பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. "போர் வத்திப்போச்சும்மா, 300 அடிக்குப் புதுசா போட்டாத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டார். ஒன்றரை லட்சம் ஆகுமாம். வியாழக்கிழமை போர் போடும் வண்டி பக்கத்துத் தெருவுக்கு வருகிறதாம், அன்றைக்கே நமக்கும் போட்டுவிட்டால் வண்டி வாடகை மிச்சமாம்.

நம் கணக்கில் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல். அம்மாவுக்குத் தண்ணீர் இல்லை என்றால் நாளைக்கே அனுப்பிவிடுவேன், அதில் எனக்கு யோசனையே இல்லை. ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டில் 150 அடி போர், நம்முடையதைவிட ஆழம் குறைவு, அவர்களுக்கு இன்னும் நன்றாகத்தான் வருகிறது. நம்முடையது மட்டும் எப்படி வற்றும்? அந்த மெக்கானிக் கேசிங் (போருக்குள் இறக்கிய வெளிக் குழாய்) மூடியைத் திறக்கவில்லை. தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளக்கவும் இல்லை.

அம்மாவின் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் தோப்பில் ஒரு தென்னைகூட மிச்சமில்லை. இருபது நாளுக்கு மேல் கரண்ட் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த அடிபம்பில் ஊரே வரிசையில் நின்றது. அம்மாவும் குடத்தோடு நின்றார். அதற்கப்புறம் வீட்டில் தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே அவருக்குத் தூக்கம் வருவதில்லை. இங்கே குழாயைத் திறந்தால் எந்த நேரமும் தண்ணீர் வருகிறது, அது எங்கிருந்து எப்படி வருகிறது என்று பதினைந்து வருடத்தில் நான் ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அதனால் அம்மாவிடம் என்ன கேட்பது, எதைப் பார்க்கச் சொல்வது என்றுகூடத் தெரியாமல் நிற்கிறேன்.

போர் வற்றியதா, மோட்டார் போனதா, குழாயில் ஏதாவது கோளாறா என்று போனிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?


அறந்தாங்கி பைப் ஃபிட்டர்
ஞாயிறு, இரவு 11.40

அக்கா, முதல் வேலையாக வியாழக்கிழமை வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டி அடுத்த மாதமும் வரும்.

நான் துவாஸில் கப்பல் பட்டறையில் பதினான்கு வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஊரில் சித்தப்பாவோடு போர் மோட்டார் இறக்கி ஏற்றுகிற வேலைதான். நீங்கள் சொன்னதில் எனக்கு உறுத்துவது ஒரே விஷயம்: தண்ணீர் குறைவாக வருகிறது என்கிறீர்கள், எப்படிக் குறைகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

போர் வற்றினால் அது ஒரு மாதிரி காட்டும். மோட்டார் போட்டவுடன் தண்ணீர் முழு வேகத்தில் வரும். ஐந்து பத்து நிமிடத்தில் மெலியும், காற்றும் சேறுமாகத் துப்பும், அப்புறம் நின்றே போகும். அரை மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் முழு வேகம். ஊற்று ஊறி வரும் நேரம் அது. மோட்டார் உள்ளே தேய்ந்துபோயிருந்தால் வேறு மாதிரி. போட்டவுடன் தண்ணீர் வந்துவிடும், ஆனால் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே மெலிவாக வரும். மோட்டாரைச் சுற்றத் தொடங்க வைக்கிற கண்டன்சர் போயிருந்தால் உம்மென்று உறுமும், சுற்றாது, இல்லையென்றால் ட்ரிப் ஆகி நின்றுவிடும்.

குழாயில் ஓட்டை என்றால் இரண்டு அடையாளமும் சேர்ந்து வரும். போட்டதும் ரொம்ப நேரத்துக்குத் தண்ணீரே வராது, வெறும் காற்று. வந்த பிறகும் மெலிவாகவே வரும், ஆனால் நிற்காது. ஏன் என்றால், மோட்டாருக்கு மேலே ஒரு வால்வு இருக்கிறது, நிறுத்தினாலும் குழாயில் ஏறிய தண்ணீரைக் கீழே இறங்க விடாமல் பிடித்து வைக்கும். அது சரியாக இருந்தால் மறுநாள் காலையிலும் குழாய் நிறையத் தண்ணீர் நிற்கும், சுவிட்சைத் தட்டியதும் மாடியில் கொட்டும். வழியில் ஓட்டை இருந்தால் அதற்கு மேலே உள்ள தண்ணீர் எல்லாம் இரவோடு இரவாகப் போருக்குள்ளேயே வடிந்துவிடும். காலையில் அந்த வெற்றுக் குழாயை நிரப்பிக்கொண்டுதான் மேலே வர வேண்டும். வால்வு மட்டும் கெட்டிருந்தாலும் தாமதம் இருக்கும், ஆனால் வந்த பிறகு பழைய வேகத்தில் வரும். இந்த வித்தியாசம் முக்கியம்.

அதனால் அம்மாவிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். காலையில் மோட்டார் போட்ட நிமிடத்திலிருந்து டேங்கில் முதல் தண்ணீர் விழுகிற வரை எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். அம்மா மாடி ஏற வேண்டாம், யாராவது பையன் இருந்தால் அவனை ஏற்றி நிறுத்துங்கள். அப்புறம் ஒரு பதினைந்து லிட்டர் வாளியை டேங்க் குழாய்க்குக் கீழே பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி என்று மூன்று தடவை எடுங்கள்: வந்தவுடன் ஒன்று, இருபது நிமிடம் கழித்து ஒன்று, நாற்பது நிமிடம் கழித்து ஒன்று. மூன்றும் ஒன்றாக இருந்தால் போர் வற்றவில்லை.

மோட்டார் சுவிட்ச் இருக்கிற பேனல் போர்டில் ஆம்ப்ஸ் முள்ளையும் பார்க்கச் சொல்லுங்கள், மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அது காட்டும். தண்ணீரே இல்லாமல் ஓடினால் முள் வழக்கத்தைவிடக் கீழே நிற்கும், மணல் அடைத்து இறுகியிருந்தால் மேலே போகும்.

இன்னொன்று. மோட்டார் ஓடும்போது கேசிங் பக்கத்தில் காதை வைத்தால், மேலே ஓட்டை இருந்தால் உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கும். ஆனால் யாரும் தொடுவதற்கு முன்னால் டெஸ்டர் வைத்துக் கரண்ட் கசிவு இல்லை என்று பார்த்துவிட வேண்டும். ஈரக் காலோடு வெறுங்காலில் நிற்கவே கூடாது. மட்டம் அளக்க மூடியைத் திறந்தால் அளந்த கையோடு போல்ட் போட்டு மூட வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்ததை நாம் எல்லோரும் இரவெல்லாம் விழித்துப் பார்த்தோம். ஒரு நிமிடம்கூட அது திறந்து கிடக்கக் கூடாது.

சமையலறைக் குழாய் துப்புவது பெரும்பாலும் வேறு கதை. டேங்க் அடி வரை காலியானால் இறங்கு குழாயில் காற்று புகுந்துவிடும். டேங்க் நிறைந்த பிறகு வீட்டில் எது தாழ்வான குழாயோ அதை முழுக்கத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள், காற்று போய்விடும். அப்புறமும் சமையலறையில் மட்டும் மெலிவாக வந்தால் அந்தக் குழாய் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள், உப்பும் துருவும் அடைத்திருக்கும்.


செங்காங் வாசுகி
செவ்வாய், காலை 9.20

தம்பி, ரொம்ப நன்றி. இரவு வேலை முடிந்து பேருந்தில் உட்கார்ந்துகொண்டே அம்மாவுக்கு வீடியோ போட்டேன். அங்கே காலை ஆறு, இங்கே எட்டரை. எதிர்வீட்டுப் பையன் பத்தாவது படிக்கிறான், அவனை மாடியில் நிறுத்தினோம்.

மோட்டார் போட்டு இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி வரை டேங்க் குழாயில் காற்றுதான். அப்புறம் தண்ணீர். பதினைந்து லிட்டர் வாளி நிரம்ப 85 விநாடி. இருபது நிமிடம் கழித்து 86. நாற்பது நிமிடம் கழித்து மறுபடியும் 85. பையன் மூன்றையும் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறான்.

அப்புறம் ஒன்று நடந்தது. ஆம்ப்ஸ் எவ்வளவு காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லையே என்றேன். "அப்பா எழுதி வைத்திருப்பார், இரு" என்று அம்மா உள்ளே போனார். அரிசிப் பெட்டிக்கு மேலே இருக்கிற பரணிலிருந்து அப்பாவின் நீல அட்டைக் கணக்கு நோட்டை எடுத்து வந்து கேமராவுக்கு முன்னால் பிடித்தார். நெல் கணக்கு, உரக் கணக்குக்கு நடுவில் ஒரு பக்கம் முழுக்க போர். அவர் கையெழுத்தில் அப்படியே தருகிறேன்: "போர் 165 அடி. மோட்டார் 1 எச்பி, 90 அடியில் இறக்கியது. ஒண்ணேகால் இஞ்ச் பைப் 10 அடி வீதம் 9. தண்ணி மட்டம் 28 அடி. ஆம்ப்ஸ் 7. டேங்க் ரொம்ப 40 நிமிசம்."

இன்று முள் 7இல்தான் நிற்கிறது.

டெஸ்டர் வைத்துப் பார்த்தோம், கசிவு இல்லை. அம்மா செருப்புப் போட்டுக்கொண்டு போய் கேபிள் நுழைகிற ஓட்டைப் பக்கம் போனை வைத்தார். பேருந்தில் காதில் மாட்டிக் கேட்டேன். ஐப்பசி மழையில் தாழ்வாரத்துத் தண்ணீர் கீழே வைத்த அண்டாவில் கொட்டுமே, அந்தச் சத்தம். மோட்டாரை நிறுத்தியதும் சத்தம் மெலிந்து, கொஞ்ச நேரம் கழித்து நின்றது.


அறந்தாங்கி பைப் ஃபிட்டர்
செவ்வாய், மதியம் 12.50

அக்கா, உங்கள் அப்பா செய்ததை ஊருக்கு ஒருவர் செய்தால் போதும்.

கணக்கைப் பாருங்கள். 40 நிமிடத்தில் ஆயிரம் லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 25 லிட்டர். இப்போது 85 விநாடியில் 15, அதாவது நிமிடத்துக்குப் பத்தரை. நாற்பது நிமிடம் ஓடியும் வேகம் இறங்கவில்லை, அதனால் ஊற்று இருக்கிறது. ஆம்ப்ஸ் மாறவில்லை, அதனால் மோட்டார் தன் வேலையைச் செய்கிறது, தண்ணீரைத் தூக்குகிறது. தூக்கிய தண்ணீரில் பாதிக்கு மேல் வழியிலேயே போருக்குள் திரும்ப விழுகிறது. சத்தம் கேட்டது என்றால் ஓட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஏதாவது இணைப்பில்.

மோட்டாரை மேலே ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றுகிறவர்களிடம் பழைய நைலான் கயிற்றை நம்பி இழுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வெயிலில் கிடந்த முடிச்சு இற்றுப்போய் இருக்கும். கயிறு அறுந்து மோட்டார் உள்ளே விழுந்தால் அப்போதுதான் நிஜமாகவே புது போர் போட வேண்டி வரும். குழாயைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, ஒவ்வொரு பத்து அடியாகக் கழற்றட்டும். மோட்டார் வெளியே இருக்கும்போதே அந்த வால்வையும் மாற்றிவிடுங்கள், கேபிள் ஜாயின்டையும் புதிதாகச் சுற்றச் சொல்லுங்கள். கூலி ஒரு தடவைதான்.

செம்படிவு பற்றிச் சொல்லியிருந்தீர்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். பிடிக்கும்போதே விரலில் நறநறவென்று மணல் தட்டினால் மணலை உள்ளே விடாமல் தடுக்கிற கேசிங் ஃபில்டர் கிழிந்திருக்கலாம். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, மணிக்கணக்கில் கிடந்து சிவந்தால் அது தண்ணீரில் கரைந்திருக்கிற இரும்பு. காற்றுப் பட்டதும் துருவாகி அடியில் இறங்கும்.


தக்கலை மேரி
செவ்வாய், மாலை 7.05

வாசுகி, உங்கள் அம்மா போர்ப் பக்கத்தில் போனைப் பிடித்து நின்றதை வாசித்ததும் எனக்கு என் அப்பா நினைவுதான். எங்கள் வீட்டில் போர் இல்லை, திறந்த கிணறு. மேலே அரை எச்பி மோட்டார், கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய், அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாத ஃபுட் வால்வு. இப்படி இருக்கிறவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு வந்த தொல்லை, தினமும் காலையில் மோட்டாருக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கும். ஊற்றாமல் போட்டால் வெறுமனே சுற்றும். எல்லோரும் மோட்டாரை மாற்று என்றார்கள். மேலே இருந்து உறிஞ்சும் மோட்டாரில் கோளாறு பாதிக்கு மேல் உறிஞ்சு குழாயில்தான். ஃபுட் வால்வின் ரப்பர் இற்றுப்போனால் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். இல்லையென்றால் ஏதாவது இணைப்பில் முடி அளவு இடைவெளி, அது வழியாகக் காற்றை இழுக்கும். இங்கே தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. அப்பா என்ன செய்தார் என்றால், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது துணி துவைக்கும் கட்டிச் சோப்பை நனைத்துக் குழைத்து ஒவ்வொரு இணைப்பாக அப்பிக்கொண்டே வந்தார். மூன்றாவது இணைப்பில் அப்பியதும் மோட்டாரின் சத்தமே மாறிவிட்டது, தொண்டை அடைத்தவர் செருமியதும் குரல் தெளிவது போல. அங்கே பிரித்து நூல் சுற்றிப் பசை வைத்ததும் சரியாகிவிட்டது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: மேலே இருந்து உறிஞ்சும் மோட்டார் 25 அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரை ஒழுங்காக இழுக்காது. கோடையில் மட்டம் அதற்குக் கீழே போனால் மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

உங்களிடம் குறிப்பாகச் சொல்ல வந்தது இது. குழாயை வெளியே எடுத்தால் மண்ணில்தான் போடுவார்கள். கோழி நடக்கும், மாட்டுச் சாணி இருக்கும். அப்படியே உள்ளே இறக்கவிடாதீர்கள். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஒவ்வொரு குழாயையும் துடைத்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள். அப்புறம் தண்ணீரைப் பரிசோதித்து விடுங்கள். எங்கள் கிணற்றில் ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கி, தம்பி பையனுக்கு வயிற்றுப்போக்கு விடாமல் இருந்தது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு, அங்கே கொடுத்தோம். மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலி கிருமி இருந்தது. 100 மில்லி தண்ணீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் இந்தியத் தரம். பக்கத்து வீட்டுக் கழிவுக் குழி எங்கள் கிணற்றிலிருந்து 25 அடியில் இருந்தது. ஐம்பது அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

திறந்த கிணற்றுக்கு நாங்கள் செய்தது: ஆயிரம் லிட்டருக்கு நல்ல ப்ளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம் கணக்கு. வாளியில் குழைத்துத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்ற வேண்டும். அடியில் தங்குகிற சுண்ணாம்பை ஊற்றக் கூடாது, தண்ணீர் இன்னும் கடினமாகிவிடும். வாளியைத் தண்ணீருக்குள் இறக்கி இழுத்துக் கலக்கிவிட்டு ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. மாலையில் செய்தால் இரவு முழுக்கக் கிடைக்கும். குழி அங்கேயே இருக்கிறவரை இது நிரந்தரத் தீர்வு ஆகாது, அதனால் இன்று வரை கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார்கள்.


செம்பவாங் தாத்தா
புதன், காலை 7.30

எனக்கு 74 வயது, இங்கேயே பிறந்தவன். கடற்படைத் தளத்துக்கு அருகில் கம்பத்தில் (அந்தக் காலத்துக் கிராமக் குடியிருப்பு) வளர்ந்தேன். எங்கள் வீட்டு வரிசைக்கு ஒரே கிணறு, விளிம்பில் கயிறு தேய்த்த பள்ளம் விரல் புதைகிற ஆழத்துக்கு இருக்கும். இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் புலாவ் உபின் தீவில் குடியிருக்கிறவர்கள் இன்னமும் கிணற்று நீரைத்தான் நம்பி இருக்கிறார்கள்.

வாசுகி அம்மாவுக்கு ஒரு சின்ன யோசனை. இங்கே தண்ணீர்க் கட்டணம் திடீரென்று கூடினால் வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்ப்போம். அது சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. ஊரில் மீட்டர் இல்லாவிட்டாலும் டேங்க் இருக்கிறது. இரவு படுக்கப் போகும்போது டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்துவிட்டு எல்லாக் குழாயையும் மூடச் சொல்லுங்கள். காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் பாருங்கள். இறங்கியிருந்தால் டேங்கிலிருந்து வீட்டுக்கு வரும் லைனிலும் கசிவு இருக்கிறது. அப்படி இருந்தால் மண்ணுக்குள் போகிற குழாய்ப் பாதையில் நடந்து பார்க்கட்டும். சித்திரை வெயிலில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தால் அங்கே தோண்டலாம்.


செங்காங் வாசுகி
அடுத்த ஞாயிறு, மாலை 6.40

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை வண்டியை வேண்டாம் என்றதும் அந்த மெக்கானிக்குக் கோபம். "அப்புறம் தண்ணியில்லாம நிக்கும்போது கூப்பிடாதீங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அம்மா அன்று இரவு என்னிடம் இரண்டு தடவை கேட்டார், நாம் செய்வது சரிதானே என்று. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் 85, 86, 85 என்ற எண்களைப் பையன் சுவரில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

நேற்று காலை பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து மூன்று பேர் வந்தார்கள். இரும்பு முக்காலி நிறுத்தி, கப்பி மாட்டி, கிளாம்ப் போட்டு இழுத்தார்கள். கயிற்றை நம்பவில்லை. தம்பி சொன்னது போலவே முடிச்சு இற்றுப்போய், கையில் எடுத்ததும் தூளாக உதிர்ந்ததாம். மூன்றாவது குழாய் வெளியே வந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. மூன்றாவதையும் நான்காவதையும் சேர்க்கிற கப்ளிங்கில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. முதலில் மயிரிழை போல இருந்திருக்க வேண்டும், தண்ணீர் பீய்ச்சிப் பீய்ச்சி ஒரு பக்கத்தை வழவழவென்று தேய்த்துவிட்டது. அம்மா அதில் கட்டைவிரல் நகத்தை நுழைத்து என்னிடம் காட்டினார். ஒவ்வொரு தடவை மோட்டார் போடும்போதும் குழாய் ஒரு உலுக்கு உலுக்கும், பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த உலுக்கலில்தான் விட்டிருக்கும் என்று வந்தவர்களில் பெரியவர் சொன்னார்.

தண்ணீர் மட்டத்தையும் அளந்தார்கள். 46 அடி. ஓட்டை 30 அடியில், அதனால்தான் கொட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. அப்பா எழுதியபோது 28 அடி, இப்போது 46. முதலில் வந்தவர் தண்ணீர் கீழே போய்விட்டது என்று சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் மோட்டார் 90 அடியில் இருக்கிறது, அதற்கு மேலே இன்னும் 44 அடி தண்ணீர் நிற்கிறது. இது வற்றிய போர் இல்லை. ஜூனில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை அளக்கச் சொல்லியிருக்கிறேன். வருடா வருடம் இறங்கிக்கொண்டே போனால் மோட்டாரை இன்னும் இரண்டு குழாய் கீழே இறக்கலாம், போரில் இடம் இருக்கிறது என்றார்கள்.

கப்ளிங் எல்லாவற்றையும் மாற்றினார்கள். இரண்டு குழாய் புதிது. வால்வு புதிது, அதன் ரப்பரும் ஒரு பக்கம் மடிந்து போயிருந்தது. கேபிள் ஜாயின்ட், கயிறு, கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். மேரி அக்கா சொன்னதை அம்மா விடவே இல்லை. ப்ளீச்சிங் தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நின்று, ஒவ்வொரு குழாயையும் துடைத்த பிறகுதான் இறக்கவிட்டிருக்கிறார். முதல் ஒரு மணி நேரம் வந்த தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டார்கள்.

இன்று காலை சுவிட்சைத் தட்டியதும் பையன் மாடியிலிருந்து கத்தினான், எண்ணுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று. டேங்க் நிரம்ப 42 நிமிடம். சமையலறைக் குழாயில் காற்று போய்விட்டது, சல்லடையில் மட்டும் ஒரு ஸ்பூன் அளவுக்குத் துருவும் உப்பும் இருந்தன. தாத்தா சொன்ன சோதனையையும் செய்தோம், டேங்கில் குறித்த கோட்டிலேயே தண்ணீர் நின்றது.

செம்படிவு குறைந்திருக்கிறது, போகவில்லை. பாட்டிலில் பிடித்தபோது தெளிவாக இருந்தது, மாலையில் அடியில் மெல்லிய செந்நிறம். அப்படியென்றால் இரும்புதான். செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுப் பையனின் அப்பா தஞ்சாவூர் போகிறார், ஆய்வகத்துக்கு மாதிரி கொடுத்துவிடுகிறோம். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் சொல்கிற சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டுமாம், பிடித்ததைக் குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே கொண்டு போக வேண்டுமாம். குழாய்களை ப்ளீச்சிங்கில் துடைத்திருப்பதால் அதுவரை நன்றாக ஓடவிட்டு, அந்த வாடை முழுக்கப் போன பிறகு பிடிக்கலாம் என்று வைத்திருக்கிறோம். முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

நோட்டில் அப்பா எழுதிய பக்கத்துக்குக் கீழே அம்மா நேற்றைய தேதி போட்டு எழுதியிருக்கிறார். "தண்ணி மட்டம் 46 அடி. கப்ளிங் 9, பைப் 2, வால்வு புதுசு. ஆம்ப்ஸ் 7. டேங்க் ரொம்ப 42 நிமிசம்."